என்ன வேலை செய்தார் என்று சொல்லுங்கள்



1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் ஆடுகிற அந்தப் புகழ்பெற்ற பாட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆரம்பிக்கிறது. எம்.எஸ். விஸ்வநாதன் கையசைத்து இசைக்குழுவை நடத்துகிறார். டி.எம். சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுகிறார். சுற்றிலும் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். தமிழ் சினிமா தன் பட்டறைக் கதவைத் தானே திறந்து காட்டிய அபூர்வமான நிமிடங்கள் அவை. அறுபது வருடமாக அதை ரசித்துக்கொண்டிருக்கிறோம். விஸ்வநாதனைத் தெரிகிறது, சௌந்தரராஜனைத் தெரிகிறது. வயலினைத் தோளில் சாய்த்திருக்கும் அந்த மனிதர்கள் யார் என்று கேட்டால் இந்த அரங்கில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

விஸ்வநாதனிடம் புல்லாங்குழல் வாசித்தவர் நஞ்சப்பா. அக்கார்டியன் மங்களமூர்த்தி. ஷெனாய் சத்யம். டிரம்ஸ் நோயல் கிராண்ட். பாட்டில் பறவை கூவ வேண்டும், குழந்தை சிணுங்க வேண்டும் என்றால் சதனைக் கூப்பிடுவார்கள், தொண்டையாலேயே செய்துவிடுவார். இந்தப் பெயர்களை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவை டைட்டில் கார்டுகள் அல்ல. மெல்லிசை ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றியவை. பின்னால் வந்த தலைமுறையிலும் இதே கதைதான். இளையராஜாவின் குழுவில் நீண்ட காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் 2020-இல், ஊரடங்குக் காலத்தில் மறைந்தார். 'நிழல்கள்' படத்தின் பாட்டு ஒன்றில் அவர் முகமும் வரும். யாரோ துணை நடிகர் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருக்கிறோம்.

நம் பத்திரிகைகளில் இப்படிப்பட்டவர்கள் இறந்தால் வரும் செய்திக்கு ஒரு அச்சு உண்டு. முதலில் 'பிரபல' என்ற சொல். அடுத்து எத்தனை படம் என்ற எண்ணிக்கை. எந்தெந்தப் பெரிய நடிகர்களோடு பணியாற்றினார் என்ற பட்டியல். மாரடைப்பா, சிறுநீரகக் கோளாறா. உடல் சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ உள்ள வீட்டில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருக்கிறது. நாளை காலை இறுதிச் சடங்கு. இவ்வளவும் இருக்கும். அவர் என்ன வேலை செய்தார், அதை எப்படிச் செய்தார் என்பது மட்டும் இருக்காது. ஒளிப்பதிவாளர் இறந்தால் எந்த நடிகரைப் படம் பிடித்தார் என்று எழுதுவோம். ஒளியை எப்படிப் பிடித்தார் என்று எழுத மாட்டோம்.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மறைந்த கலைஞரை நினைப்பது என்றால் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். புகழ்ச்சி வேண்டாம், இரக்கம்கூட வேண்டாம். வேலையைச் சொல்ல முடியவில்லை என்றால், அவரைப் பற்றி நாம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மீனா நாராயணன் என்ற பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவர் கணவர் ஏ. நாராயணன் 1929-இல் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சென்னையில் மௌனப் படங்களை வரிசையாக எடுத்தவர். பேசும் படம் வந்தபோது இங்கே ஒலிப்பதிவு செய்ய வசதி கிடையாது. தமிழ்ப் படம் எடுக்க வேண்டும் என்றால் நடிகர்கள், பாட்டுக்காரர்கள், சமையல்காரர் சகிதம் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேற வேண்டும். நாராயணன் 1934-இல் ஸ்ரீநிவாஸ சினிடோன் என்ற ஒலிக்கூடத்தை சென்னையிலேயே அமைத்தார். அங்கே உருவான 'ஸ்ரீநிவாச கல்யாணம்' சென்னையில் தயாரான முதல் தமிழ்ப் பேசும் படம். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் மீனா. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

'முதல்' என்ற சொல்லோடு நின்றுவிட்டால் நாமும் பழைய அச்சுக்குள்தான் இருக்கிறோம். அந்த வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆரம்ப வருடங்களில் பின்னணிப் பாடல் கிடையாது, டப்பிங் கிடையாது. நடிகர் கேமரா முன் நின்று பேசிக்கொண்டே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் காட்சிக்குள் தெரியாமல் எங்காவது மறைந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மேடை நாடகத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உரக்கப் பாடிப் பழகிய தொண்டை ஒன்று. அதற்குப் பக்கத்தில் மெல்ல வசனம் பேசும் தொண்டை ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே பதிவில், ஒன்றை ஒன்று விழுங்காமல் வாங்க வேண்டும். வெளியே காக்கை கத்தினால், வண்டி போனால், அந்த ஷாட் போயிற்று. ஃபிலிம் வீண், பணம் வீண். இயக்குநர் 'சரியாக வந்ததா' என்று திரும்பிப் பார்க்கும் முகம் ஒலிப்பதிவாளருடையது. 1934-இல், ஆண்கள் நிறைந்த அந்தத் தளத்தில், 'இல்லை, இன்னொரு முறை எடுங்கள்' என்று சொல்லும் அதிகாரம் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. 'முதல் பெண்' என்ற பட்டத்தைவிட எனக்கு இந்தக் காட்சிதான் பெரிதாகப் படுகிறது.

நாராயணன் 1939-இல், நாற்பது வயதை எட்டுமுன்னே இறந்துவிட்டார். அதோடு மீனாவின் சினிமா வாழ்க்கையும் முடிந்தது. நாராயணன் எடுத்த படங்களில் ஒன்று 1938-இல் வந்த 'ஸ்ரீ ராமானுஜர்'. 'மணிக்கொடி' பத்திரிகைக் காலத்து எழுத்தாளர்கள் வ.ரா., ந. பிச்சமூர்த்தி ஆகியோர் பங்கெடுத்த படம். ஓர் எழுத்தாளர் ஒரு படத்தில் தலைகாட்டியதை நம் இலக்கிய வரலாறு பத்திரமாகக் குறித்துவைத்திருக்கிறது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணை அந்த வரலாற்றுக்குத் தெரியாது. குற்றம் சொல்லவில்லை. எழுதுகிறவர்கள் எழுதுகிறவர்களையே நினைவில் வைத்துக்கொள்வது இயற்கைதான்.

மீனாவுக்கும் முன்னால், ஆர். நடராஜ முதலியார். வேலூர்க்காரர். சென்னையில் மோட்டார் கார் உதிரி பாகங்கள் விற்றுக்கொண்டிருந்தவர். கர்சன் பிரபுவைப் படம் பிடிக்க வந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் கேமராக்காரரைப் பூனாவில் சந்தித்து, கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கேமராவைக் கற்றுக்கொண்டார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கி 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் அதுதான். வெயில் நேரே விழாமல் இருக்க நடிகர்களின் தலைக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, வடிந்து வரும் வெளிச்சத்தில் படம் பிடித்திருக்கிறார்கள். மகன் இறந்து, ஸ்டூடியோவும் தீயில் போன பிறகு சினிமாவை விட்டுவிட்டார். 1971 வரை உயிரோடு இருந்தார். அவர் படங்களில் ஒன்றுகூட இன்று கிடையாது. ஆனால் அந்த வெள்ளைத் துணி நமக்குத் தெரியும். படம் அழிந்த பிறகும் வேலை பற்றிய விவரம் தங்கிவிட்டது. யாரோ ஒருவர் அவரிடம் 'எப்படி எடுத்தீர்கள்' என்று கேட்டிருக்கிறார், அதனால்.

அப்படிக் கேட்டவர்கள், சேர்த்துவைத்தவர்கள் இருவர் 2016 மார்ச் மாதத்தில் அடுத்தடுத்து மறைந்தார்கள். 4-ஆம் தேதி பூனாவில் பி.கே. நாயர். 21-ஆம் தேதி சென்னையில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். நாயர் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டி எழுப்பியவர். பால்கேயின் படங்களில் மிஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்தவர். நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற 1933-ஆம் வருடத்து மௌனப் படம் வழக்கில் சிக்கி, திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கடையில் கிடந்தது. அது காப்பகத்துக்கு வந்து சேர்ந்ததால் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஆனந்தன் வேறு மாதிரி. புகைப்படக்காரராக உள்ளே வந்தவர். 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்க்கப் போய், தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் ஆனார். அந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒவ்வொரு படத்தின் பெயர், தேதி, நிறுவனம், கலைஞர்கள் என்று குறித்துக்கொண்டே போனார். 2004-இல் அது 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற தடித்த புத்தகம் ஆனது.

ஆனந்தனின் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மிகப் பெரிய உழைப்பு. அதில் சந்தேகமே இல்லை. தமிழ் சினிமாவைப் பற்றி எழுதும் எவரும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஆனால் பட்டியல் பெயரைத் தரும், வேலையைத் தராது. 'ஒலிப்பதிவு: இன்னார்' என்ற வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அடுத்து வந்த நாம் கேட்டு எழுதியிருக்க வேண்டும். பட்டியல் வந்துவிட்டதே என்று ஓய்ந்துவிட்டோம்.

மறுபடி 'சர்வர் சுந்தரம்' பக்கம் வருகிறேன். அதில் நாகேஷின் அம்மா யார்? எஸ்.என். லட்சுமி. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், நாடகத்தில் இருந்து வந்தவர். 2012 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது 'பழம்பெரும் நடிகை' என்றார்கள். அந்தப் பட்டத்தில் வயது இருக்கிறதே தவிர நடிப்பு இல்லை. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் திருட்டுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். கைக்கு அகப்பட்டதை எல்லாம் மடியில் செருகும் பாட்டி. நகைச்சுவைக் காட்சியில் பெரும்பாலான நடிகர்கள் 'இது வேடிக்கை' என்று நமக்கு ஒரு சைகை கொடுத்துவிடுவார்கள். கண்ணை உருட்டுவார்கள், உதட்டைச் சுழிப்பார்கள். லட்சுமி எதுவும் செய்ய மாட்டார். பூஜை அறைக்குப் போகிற பாட்டியின் முகத்தோடு திருடுவார். சிரிப்பு அந்த முகத்தில் இருந்துதான் வருகிறது. நான்கு வருடம் கழித்து 'மகாநதி'யில் மருமகன் சிறைக்குப் போக, பேரப் பிள்ளைகளோடு தவிக்கும் மாமியார். அங்கேயும் அதே சிக்கனம். ஒப்பாரி வைக்க எத்தனையோ இடம் இருந்தும் வைக்க மாட்டார். ஒரே நடிகை ஒரே முறையால் ஒரு படத்தில் சிரிக்கவும் இன்னொன்றில் கலங்கவும் வைக்கிறார் என்றால் அதற்குப் பெயர் தேர்ச்சி. எத்தனை படத்தில் நடித்தார் என்ற எண்ணிக்கையில் இதைக் காண முடியாது.

'மகாநதி' என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. எச். ஸ்ரீதர், ஒலிப்பொறியாளர். அந்தப் படத்தின் ஒலிக்குத் தேசிய விருது பெற்றவர்களில் ஒருவர். பிறகு 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்று, சிலவற்றில் பிறரோடு பகிர்ந்து, மொத்தம் நான்கு முறை வாங்கினார். ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்கள் கேட்கும்போது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி இடத்தில் இருந்து வருவது போல இருக்கிறதே, அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுக்கிறவர் மிக்ஸிங் செய்பவர். எல்லாவற்றையும் சத்தமாக வைத்தால் எதுவும் கேட்காது. ஒன்றைக் கேட்க வைக்க இன்னொன்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். எதை, எந்த நொடியில், எவ்வளவு என்பதுதான் வேலை. நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. இந்தத் தொழிலின் சாபமும் அதுவே.

ஸ்ரீதர் 2008 டிசம்பர் 1-ஆம் தேதி திடீரென்று இறந்தார். அடுத்த பிப்ரவரியில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஆஸ்கர் மேடை ஏறியது. அந்தப் படத்துக்கு ரஹ்மான் அமைத்த இசைத் தொகுப்புக்கு 2010-இல் கிடைத்த கிராமி விருதில் ஒலிப்பொறியாளர்கள் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. தமிழ்நாடு கொண்டாடித் தீர்த்த வெற்றி அது. கொண்டாட்டத்தில் இந்தப் பெயரைச் சொன்னவர்கள் குறைவு.

இறந்த பிறகு விருது வாங்கிய இன்னொருவர் படத்தொகுப்பாளர் டி.இ. கிஷோர். விழுப்புரம் மாவட்டத்துக்காரர். லெனின், வி.டி. விஜயன் ஆகியோரிடம் உதவியாளராக இருந்து, 'ஈரம்' படத்தில் தனியாக வந்தார். 'ஆடுகள'த்துக்குத் தேசிய விருது. வெற்றிமாறனின் 'விசாரணை' எடிட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தவர், மீளாமல் 2015 மார்ச்சில் இறந்தார். வயது 36. 'காக்கா முட்டை' அவர் இறந்து மூன்று மாதம் கழித்து வெளியானது. 'விசாரணை'க்கு அவருக்கு மறுபடியும் தேசிய விருது கிடைத்தது. வாங்க அவர் இல்லை.

கிஷோரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அந்த மரணத்தின் சோகத்தை எழுதினார்கள். இளம் வயது, எழுதத்தான் செய்வார்கள். நான் 'ஆடுகளம்' சேவல் சண்டைகளைச் சொல்கிறேன். சேவலுக்கு வசனம் கிடையாது, சொன்னபடி நடிக்காது. கிராஃபிக்ஸும் அசலும் கலந்த துண்டுகள். மோதல் ஒரு கணம், பார்க்கும் முகங்கள் ஒரு கணம், பந்தயம் கட்டியவனின் கை ஒரு கணம் என்று கோத்துக் கோத்து, பார்வையாளனை ஒரு பறவையின் பக்கம் கட்சி சேர வைக்க வேண்டும். யார் ஜெயிக்கிறார்கள் என்ற பதற்றம் களத்தில் பிறந்ததல்ல. எடிட்டிங் மேஜையில் பிறந்தது. அதே மனிதர் 'காக்கா முட்டை'யில் எதையும் அவசரப்படுத்தாமல் அந்தச் சிறுவர்களை அவர்கள் போக்கில் நடக்க விடுகிறார். எங்கே வெட்டக் கூடாது என்று தெரிந்த எடிட்டர்.

2019, 2020 இரண்டு வருடங்களில் இரண்டு கிருஷ்ணமூர்த்திகள் மறைந்தார்கள். ஒருவரை எல்லோருக்கும் தெரியும். 'தவசி'யில் வடிவேலுவிடம் ஒசாமா பின் லேடன் முகவரி கேட்டவர். படத் தயாரிப்பு நிர்வாகியாக இருந்து நடிகரானவர். குமுளியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் இறந்தார். மற்றவர் பி. கிருஷ்ணமூர்த்தி, கலை இயக்குநர். 2020 டிசம்பரில், 77 வயதில். முதலாமவரின் ஒரு காட்சிக்குக் கிடைத்த புகழ் இரண்டாமவரின் வாழ்நாள் உழைப்புக்குக் கிடைக்கவில்லை. நகைச்சுவை நடிகரைக் குறைத்துச் சொல்லவில்லை; அந்த முகவரிக் கேள்வியை இத்தனை அப்பாவியாகக் கேட்பது லேசான காரியமா?

பி. கிருஷ்ணமூர்த்தி பூம்புகாரில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஜி.வி. ஐயரின் கன்னடப் படம் 'ஹம்ச கீதே'யில் சினிமாவுக்கு வந்தார். பிறகு சமஸ்கிருதத்தில் 'ஆதி சங்கராச்சாரியா', மலையாளத்தில் 'ஸ்வாதித் திருநாள்', 'வைசாலி', 'ஒரு வடக்கன் வீரகதா', தமிழில் 'பாரதி'. கலை இயக்கத்துக்கும் உடையலங்காரத்துக்குமாக ஐந்து தேசிய விருதுகள். பழைய காலத்தைக் காட்டுகிற படம் என்றால் நம்மவர்களுக்கு உடனே சரிகையும் தூணும்தான் ஞாபகம் வரும். ராஜா படுக்கை அறையிலும் கிரீடத்தோடு இருப்பார். கிருஷ்ணமூர்த்தி அந்தப் பளபளப்பைக் கழற்றினார். 'வடக்கன் வீரகதா'வில் களரி வீரர்களின் உடம்பில் இருப்பது நெய்த துணியும் தோலும். மினுக்கும் ஜிகினா இல்லை. 'பாரதி'யில் கவிஞரின் கோட்டு பழைய கோட்டாக இருக்கிறது, வீட்டுச் சுவர் வாடகை வீட்டுச் சுவராக இருக்கிறது. வறுமையைச் சுவரில் காட்டிவிட்டால் வசனத்தில் புலம்ப வேண்டியதில்லை. இதில் வேடிக்கை, எந்த ஜிகினாவை விட்டு வாழ்நாள் முழுக்க விலகி நின்றாரோ அதே ஜிகினாவைக் கேலி செய்கிற 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி'க்கும் அவரே கலை இயக்குநர். அசல் எது என்று தெரிந்தவரால்தான் போலியை அத்தனை கச்சிதமாகக் கட்ட முடியும்.

'ஹம்ச கீதே'யின் ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ். வங்காளி. நாட்டுப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்தில் இருந்து விரட்டப்பட்ட அகதிகளைப் பற்றி 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்தவர். கல்கத்தாவில் அதைப் பார்த்த ரஷ்ய இயக்குநர் புடோவ்கின் பாராட்டினார். சோவியத் நாட்டில் அது திரையிடப்பட்டது. ஆனால் சொந்த ஊரில் பிழைப்பு நடக்கவில்லை, சென்னைக்கு வந்துவிட்டார். 1960-இல் 'பாதை தெரியுது பார்' இயக்கினார். இசை எம்.பி. சீனிவாசன். ஜெயகாந்தன் பாட்டெழுதிய படம். இடதுசாரிகள் ஒன்றுகூடி எடுத்த முயற்சி, ஓடவில்லை.

கோஷும் எம்.பி.எஸ்ஸும் செய்த பெரிய வேலை திரைக்கு வெளியே இருக்கிறது. தினக்கூலி போல வந்து வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த இசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியவர் எம்.பி.எஸ். ஒளிப்பதிவு, ஒலி, ஒப்பனை, லைட்மேன் என்று சிதறிக் கிடந்த தொழிலாளர்களைச் சேர்த்து ஃபெப்சி என்ற தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவானதில் இருவருக்கும் முக்கியப் பங்கு உண்டு. கால்ஷீட்டுக்கு நேர வரம்பு, பேட்டா, சம்பள பாக்கியை வாங்கித் தர ஒரு அமைப்பு என்பதெல்லாம் வானத்தில் இருந்து விழுந்தவை அல்ல. இருவரும் 1988-இல், ஒரே வருடத்தில் இறந்தார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், சின்ன நடிகர்களை நாம் இப்போது அவர்கள் வறுமையை வைத்தே நினைவுகூர்கிறோம். மருத்துவமனைக் கட்டிலில் மெலிந்து கிடக்கும் நடிகரைச் செல்போனில் படமெடுத்து, உருக்கமான இசை போட்டு வெளியிடுகிறார்கள். உதவி வருகிறது, மறுக்கவில்லை. நடிகர் தவசி போன்றவர்களுக்கு அப்படித்தான் வந்தது. ஆனால் 'வருத்தப்படாத வாலிபர் சங்க'த்தில் மீசையை முறுக்கிக்கொண்டு கம்பீரமாக நின்ற அந்த உருவத்தை இந்தக் கடைசி வீடியோ அழித்துவிடுகிறது. பரிதாபம் ஒரு மனிதனின் வேலையை முழுசாக மறைக்கும். கோஷும் எம்.பி.எஸ்ஸும் இரக்கத்தை நம்பவில்லை. விகிதம் என்ன, நேரம் என்ன, எழுதிக் கொடு என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டது இன்றும் முடிந்தபாடில்லை. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர், படப்பிடிப்புக் குழுவுக்கு உணவு பரிமாறும் பிரிவைச் சேர்ந்த ஒருவர் அவர்களில் உண்டு. எந்த நட்சத்திரங்கள் மயிரிழையில் தப்பினார்கள் என்பதுதான் அடுத்த நாள் பெரிய எழுத்தில் வந்தது. உயரத்தில் விளக்கு கட்டுகிறவர், கயிற்றில் தொங்கிக் குதிக்கிறவர் என்று விபத்துகள் பிறகும் நடந்துகொண்டிருக்கின்றன. இங்கே வேலையைச் சொல்வது என்பது எத்தனை அடி உயரம், பாதுகாப்புக் கயிறு இருந்ததா, எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்று கேட்பது.

தொலைக்காட்சியைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அந்தக் காலத்து நாடகங்களும் பேட்டிகளும் எவ்வளவோ காணாமல் போயின. பழைய டேப்பின் மேல் புதியதைப் பதிவது அன்றைய வழக்கம். சினிமாவுக்காவது பெட்டி என்று ஒன்று இருந்தது. சீரியலுக்கு அதுவும் இல்லை. இப்போது ஓடிடியில் பெயர்கள் வரத் தொடங்கியதும் 'தவிர்க்கவும்' என்று ஒரு பொத்தான் வந்து நிற்கிறது. நாமும் அழுத்திவிடுகிறோம்.

'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து இறந்தார். ஊரே அழுதது. அவரைப் பிரபலமில்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அதட்டல் குரலை மட்டும் நினைவில் வைத்த கூட்டத்துக்கு, அவர் பல இயக்குநர்களிடம் உதவியாளராக வருடக்கணக்கில் உழைத்தவர் என்பதும், 2008-இல் 'கண்ணும் கண்ணும்' என்ற மென்மையான படத்தை இயக்கியவர் என்பதும் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு 'எதிர்நீச்சல்' தொடரில் அவர் நடித்த குணசேகரன் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். இத்தனை நிதானமான மனிதர் அத்தனை முரட்டுத்தனத்தை எங்கே இருந்து எடுத்தார் என்று.

கடைசியாக ஒரு வேண்டுகோளும் தகவலும். பழைய படங்களுக்குத் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச் சுருக்கமும் பாடல்களும் இருக்கும். கூடவே நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பெயர்களும் இருக்கும். படச்சுருள் அழிந்துபோன எத்தனையோ படங்களுக்கு இந்த மட்டமான தாளில் அச்சடித்த புத்தகம்தான் ஒரே சாட்சி. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றின் சேகரிப்பு இருக்கிறது. அதற்கு மூலகாரணமான கோட்டையூர் முத்தையா பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர். ரோஜா என்பது அவர் கடையின் பெயர். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் நம் திரைப்படச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற லைட்மேன், நெகடிவ் கட்டர், கோரஸ் பாடியவர் யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் இருப்பவர்கள் அதிகம் தேட வேண்டியிருக்காது. எந்த நடிகர் எப்படிப் பழகுவார் என்று கேட்காதீர்கள், அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். காலையில் தளத்துக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.